அப்பாவின் ஹோண்டாவும் நானூறு வெள்ளி மோட்டாரும்

கூலிம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சங்க வேலையாகப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து ஒரு லயத்து வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பையன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். பத்தொன்பது வயது இருக்கும்.

"அண்ணே, ஒங்களுக்கு மோட்டார் வேலை தெரியுமாம்ல? கொஞ்சம் பின்னால வந்து பாருங்களேன்."

வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்கும் விறகுக்கட்டுக்கும் இடையில் சாக்குப் போட்டு மூடிய ஒன்று நின்றது. சாக்கை இழுத்தான். ஹோண்டா சி70! முன்சக்கரத்தில் காற்று இல்லை. விளக்குக் கிண்ணத்துக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. பையனின் அப்பா ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் இரண்டாங் கையாக வாங்கிய வண்டி. அவர் காலமாகி ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து இதை யாரும் உதைத்ததில்லை.

பையனுக்குக் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்டு வேலை கிடைத்திருக்கிறது. தொழிற்சாலை பஸ் பெரிய ரோட்டு முனையோடு சரி. லயத்திலிருந்து அந்த முனைக்குச் செம்பனைக் காட்டு வழியாக எட்டு கிலோமீட்டர். விடியற்காலை ஷிப்டுக்கு நடந்தா போவது? புது மோட்டார் எடுக்கலாமென்றால் முன்பணம் வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும். அவன் கையில் ஒரு மாதச் சீட்டுகூட இல்லை. லூனாஸ் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பழைய மோட்டார் ஒன்றை நானூறு வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறாராம். "கிராண்டு அப்புறம் தரேன்" என்றும் சொல்கிறாராம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் நானூறு வெள்ளி என்பது ஆறு நாள் உழைப்புக்கும் மேல்!

அப்பாவின் வண்டியைச் சரிசெய்வதா, நானூறு வெள்ளியைக் கொடுத்து அதை வாங்குவதா? பையன் கேட்டது இதைத்தான். இந்தக் கேள்வியோடு பாடாங் செராயிலும் பீடோங்கிலும் பலர் நம்மிடம் வந்திருக்கிறார்கள். ஆகவே இந்த வாரம் இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

சின்ன வண்டியின் பெரிய கதை

நம் பெரியவர்கள் எந்தக் கம்பெனி மோட்டாரைப் பார்த்தாலும் "ஹோண்டா" என்றே சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1958இல் சூப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. அதே ஆண்டில் நம் பக்கத்துப் பினாங்கில் லோ பூன் சியூ என்பவர் ஹோண்டா மோட்டார் சைக்கிளை இந்நாட்டில் விற்கும் உரிமையைப் பெற்றார். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பட்டறையில் எடுபிடியாக இருந்து, பஸ் கழுவிக் காசு சேர்த்தவர் அவர். 1995இல் காலமானார். கப் வண்டிக்குக் கிளட்ச் கைப்பிடி கிடையாது. ஜப்பானில் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு ஓட்டவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்களாம். நம் ஊரில் அதன் பின்பக்கம் பால் டின்னும், உரமூட்டையும், சில சமயம் குடும்பம் முழுவதும் ஏறின! 2017இல் இந்த வகை வண்டி உலகம் முழுவதும் பத்துக் கோடியைத் தாண்டியது.

சி70 என்பது 72 சிசி, மூன்று கியர். பிறகு வந்த இஎக்ஸ்5 என்பது 97 சிசி, நான்கு கியர். நம் கெடாவிலேயே குருணில் 1995இல் மோடனாஸ் நிறுவனம் ஏற்பட்டு, 1996இல் கிரிஸ் 110 வெளிவந்தது. அன்று புதுமையாகப் பார்த்த கிரிஸுக்கே இன்று முப்பது வயதாகப் போகிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கப்சாய் என்கிறார்கள். லயத்துப் பக்கம் பழைய மோட்டார் என்று விலைக்கு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

ஒட்டியிருப்பதை நம்பாதே

மறுநாள் பையனோடு லூனாஸுக்குப் போனோம். நானூறு வெள்ளி மோட்டார் பளபளவென்று நின்றது. பக்கத்தில் இஎக்ஸ்5 என்று ஒட்டியிருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. பையனின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் நமக்குப் பயம்தான் வந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு நாமும் அப்படி மலர்ந்தவர்கள்தானே!

ஒட்டுப் படமும் பிளாஸ்டிக் சட்டையும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நம்பர் பலகையும் அப்படித்தான். 'கே' என்ற எழுத்தில் தொடங்கினால் கெடாவில் பதிந்த வண்டி என்று தெரியும், அவ்வளவே. அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும் இரும்பு அதே இரும்புதானா என்பதைப் பலகை சொல்லாது. அதைச் சொல்வது இரண்டு நம்பர்கள். ஒன்று இஞ்சின் நம்பர், மற்றொன்று சேசிஸ் நம்பர். இரண்டும் இரும்பில் அடித்திருக்கும், இரண்டும் கிராண்டில் எழுதியிருக்கும். இரும்பும் கிராண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஹோண்டா சி70 ஆனால் இரண்டும் இடது பக்கத்தில் இருக்கும். இஞ்சினின் வயிற்றுப் பகுதியில் ஒன்று, வண்டியின் சட்டத்தில் ஒன்று. சட்டத்தில் உள்ளது சி70 என்று தொடங்கும். இஞ்சினில் உள்ளது சி70ஈ என்று தொடங்கும். அந்த 'ஈ' இஞ்சினைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. சட்டத்தில் சி70 என்று இருந்து, இஞ்சினில் வேறு தொடக்கம் இருந்தால் யாரோ இஞ்சினை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். மாற்றுவது குற்றமல்ல. மாற்றியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியாமல் ஓட்டுவதுதான் குற்றம். சி70 சட்டத்தில் பெரிய இஞ்சினை உட்கார வைப்பது நம் பையன்களுக்கு ஒரு விளையாட்டு. அடுத்து வாங்குபவன் தலையில்தான் அது விடியும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்துச் சட்டத்தைத் துடைத்தோம். விற்பவர், "அதெல்லாம் எதுக்கு அண்ணே, வண்டி ஓடுது பாருங்க" என்றார். துடைக்கத் துடைக்கப் புதுப் பெயிண்டுதான் வந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் இரண்டு மடங்கு தடிப்பு. விரலால் தடவினால் அரம் போட்ட கீறல் தட்டுப்பட்டது. கம்பெனி அடித்த எழுத்து ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். கையால் அடித்தது ஏறி இறங்கி நிற்கும். இங்கே எழுத்தே அரைகுறைதான். கைத்தொலைபேசியில் கிராண்டின் படத்தைக் காட்டினார். அதில் இருந்த இஞ்சின் நம்பரின் கடைசி நான்கு எண்கள் இஞ்சினில் இருந்தவற்றோடு சேரவில்லை.

"தம்பி, கோப்பி குடிச்சிட்டுப் போவோம் வா" என்று பையனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே நின்று சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கோப்பிக் கடையில் அவனிடம் நம் கதையைச் சொன்னோம். நாம் வாங்கிய அந்தப் பளபளப்பு மோட்டாரை ஒரு சாலைச் சோதனையில் நிறுத்தினார்கள். நம்பர் ஒத்துவரவில்லை. வண்டி போனது, கொடுத்த காசு போனது, விசாரணைக்கு அலைந்ததில் மூன்று நாள் சம்பளமும் போனது. விற்றவன் ஊரைவிட்டே போயிருந்தான். சங்கத்தில் நாலு பேருக்குப் புத்தி சொல்லும் நாம் வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் நிற்க வை

ஆக, அப்பாவின் ஹோண்டாதான். அதன் இரண்டு நம்பரையும் கிராண்டோடு ஒப்பிட்டோம். அழுக்கில் மறைந்திருந்தாலும் அச்சுப் பிசகாமல் இருந்தன. தோட்டத்து இஞ்சின் கொட்டகையில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டோம். தோட்டமே அவரை மாமா என்று கூப்பிடும். கையில் இரண்டு ஸ்பானரோடு வந்தார். பையன் நேராகக் கிக்கரில் கால் வைத்தான்.

"எடு காலை! நிக்காத வண்டிய ஓடவச்சு என்னடா செய்யப் போற?" என்று ஓர் அதட்டு!

மாமா முதலில் பார்த்தது சட்டத்தைத்தான். கப் வண்டியின் சட்டம் தகட்டை அழுத்திச் செய்தது. உள்ளே குழாய் போல் வெற்றிடம். மழைத் தண்ணீர் உள்ளே போனால் அடிப்பகுதியில் தங்கி, உள்ளிருந்தே தின்னும். தோட்டத்து வண்டிக்கு இன்னும் இரண்டு எமன்கள் உண்டு. ஒன்று உரம். உப்பு மாதிரி இரும்பைத் தின்றுவிடும். மற்றொன்று பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட். பால் டின் ஏற்றிய வண்டியில் பின் மட்கார்டும், சீட்டுக்குக் கீழேயும், பேட்டரி பெட்டியும் முதலில் போகும். மாமா திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான இடம் 'டங்' என்றது. பின் மட்கார்டில் ஓரிடம் 'பொத்' என்று உள்ளே போனது. "இது மட்கார்டு, பரவால்ல, மாத்திக்கலாம். இதே சத்தம் நடுச்சட்டத்துல வந்திருந்தா வண்டிய அப்படியே மூடி வச்சிருப்பேன்" என்றார்.

பிறகு டயர். பார்வைக்குப் பூ தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் பூ எவ்வளவு இருந்தும் மழையில் பிடிக்காது. இரண்டு டயரும் டியூபும் மாற்றச் சொன்னார். ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டி, மந்தமாகச் சத்தம் கொடுத்தவற்றை முறுக்கினார்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் பையன் உள்ளே இருந்த தூளை வாயால் ஊதப் போனான். தடுத்துவிட்டோம். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். முன் பிரேக் கேபிளில் பாதி இழை அறுந்திருந்தது. கேபிள், இரண்டு ஜோடி ஷூ, எல்லாம் புதிது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் 'டக்' என்று மாட்டியது. கழுத்துப் பகுதியின் குண்டுகள் குழி விழுந்துவிட்டன. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வேகத்தில் வண்டி ஆடுவது இதனால்தான். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் பின் கவையின் புஷ் தேய்ந்ததும் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு ஞாயிறும் இதற்கே போய்விட்டன. பையனுக்கு அலுப்பு. "இஞ்சின எப்ப மாமா பாக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு ஓட வை

மூன்றாம் ஞாயிறு இஞ்சின். ஆறு வருடம் தூங்கிய இஞ்சினை எடுத்தவுடன் உதைத்தால் காய்ந்த பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடும். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஓர் இரவு வைத்திருந்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினார். சுற்றியது. துவாரத்தில் கட்டைவிரலை வைத்துப் பையனை உதைக்கச் சொன்னார். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தது. "ரிங்கு உயிரோட இருக்கு" என்றார். அவர் சிரித்தது அப்போதுதான்.

பழைய மினியாக் ஈத்தாமை இறக்கினோம். பால் கலந்த கோப்பி மாதிரி வந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். நல்லவேளை, கறுப்பாகத்தான் வந்தது. இந்த இஞ்சினில் காகித பில்டர் கிடையாது. கம்பி வலை ஒன்றும், சுற்றும் வேகத்தில் அழுக்கை ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும்தான். ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றுவதே இதற்கு வைத்தியம். முக்கால் லிட்டர் அளவுதான் பிடிக்கும். ஒரு லிட்டர் டின்னை முழுதாகக் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. அளவுக் கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும்.

சீட்டுக்குக் கீழே உள்ள டாங்கியில் பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. கொட்டிவிட்டு, கழுவிய சின்னக் கூழாங்கற்களையும் கொஞ்சம் புதுப் பெட்ரோலையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். அந்த வேலை நடந்தபோது வாயில் சிகரெட்டோடு பக்கத்தில் வந்து நின்ற ஒருவரை மாமா திட்டியதை இங்கே அச்சிட முடியாது. கார்புரேட்டரின் ஜெட் துளைகளைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடிக்கும் பம்பால் ஊத வேண்டும்.

இந்தப் பழைய சி70 ஆறு வோல்ட் வகை. தீப்பொறி கொடுப்பது பாயிண்ட். பின்னால் வந்தவை பன்னிரண்டு வோல்ட், அவற்றில் சிடிஐ பெட்டி. பல்பும் பேட்டரியும் வாங்கும்போது இதை மாற்றி வாங்கிவிடாதீர்கள். துரு ஏறிய பாயிண்டை நைஸ் உப்புத்தாளால் துடைத்து, திறக்கும் இடைவெளியை 0.3இலிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தார். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். செயின் பெட்டிக்குள் ஒளிந்திருப்பதால் அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் மூடியைத் திறந்து விரலால் தூக்கினால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் ஆடலாம்.

எட்டாவது உதையில் இஞ்சின் பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு நீலம். துவாரத்தில் விட்ட எண்ணெய் எரிந்ததும் புகை நின்றது. நீலம் நிற்காமல் வந்திருந்தால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ஆகாது, அவற்றில் எண்ணெயும் சேர்ந்தே எரிவதால் புகை எப்போதும் இருக்கும். சாமான்களுக்கு மொத்தச் செலவு முந்நூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. மாமா கூலி வாங்கவில்லை.

பிஸ்கட் டின்னில் இருந்த கிராண்டு

சத்தம் கேட்டுப் பையனின் அம்மா வெளியே வந்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். இறப்புப் பத்திரத்தோடு கிராண்டும் அதில்தான் இருந்தது. பெயர் இன்னும் அவர் கணவர் பெயரில்.

"அக்கா, இதை மாத்தணும்" என்றோம்.

"அவரு பேரு இருக்கிற காயிதம் இந்த வீட்ல இது ஒன்னுதான் தம்பி. வீடு தோட்டத்து வீடு. நெலம் கெடையாது. இதையும் மாத்தணுமா?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் மாற்றத்தான் வேண்டும். இறந்தவர் பெயரிலேயே இன்சூரன்சையும் ரோட்டெக்சையும் புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் தோட்டங்களில் பலர். 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்கு ரோட்டெக்ஸ் வருடத்துக்கு இரண்டே வெள்ளி என்பதால் யாரும் பெரிதாக நினைப்பதில்லை. விபத்து நேர்ந்து எதிராளிக்குக் காயம் என்று வரும்போதுதான் பாலிசி யார் பெயரில் என்ற கேள்வி வரும். நிலம், வீடு இல்லாமல் வண்டி, வங்கிச் சேமிப்பு போன்றவற்றை மட்டும் விட்டுப் போனவர் விஷயத்தில் அமானா ராயாவில் விண்ணப்பம் செய்யலாம். இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், வாரிசுகளின் அடையாளக் கார்டுகள், கிராண்டு இவை வேண்டும். வாரிசுகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஜோகூரில் கட்டிக்கொடுத்த மூத்த மகளின் கையெழுத்துக்காகக் காத்திருந்தோம். அந்தக் கடிதம் வந்த பிறகுதான் பெயர் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போக முடியும். பல வருடம் ரோட்டெக்ஸ் செத்த வண்டிக்கு என்ன சோதனை என்பதையும் அங்கேயே முதலில் கேட்டுவிடுங்கள். காசைச் செலவழித்த பிறகு கேட்காதீர்கள்.

கிராண்டின் நகல் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தோம். அது பிஸ்கட் டின்னுக்குப் போனது.

இன்னொரு விஷயம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டம் இது. நடுவில் வேறு வேலையாக வேறு திசையில் போனால் அது பேசாது. விபத்து நடந்தால் போலீஸ் புகார், டாக்டர் சீட்டு இரண்டையும் எடுத்து உடனே முதலாளிக்குத் தெரிவியுங்கள். தெரிந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது அவர் கடமை. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிராணி சொன்னால் நமக்குச் சொல்லுங்கள். இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஹெல்மெட் சட்டம் வந்தது 1973இல். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992இலிருந்து. ஆறு வோல்ட் வண்டியின் விளக்கு மெதுவாகப் போகும்போது மங்கிவிடும். செம்பனைக் காட்டு இருட்டில் அது போதாது என்று பையனின் சட்டைக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தைக்கச் சொல்லியிருக்கிறோம். அவனுக்கு அது வெட்கமாக இருக்கிறதாம்.

இதை எழுதும்போது மகளின் கையெழுத்து வந்து, விண்ணப்பமும் போட்டாயிற்று. அதுவரை பையன் பக்கத்து லயத்துக்காரர் பின்னால் ஏறிப் பஸ் முனைக்குப் போகிறான். ஞாயிறுதோறும் ஹோண்டாவை வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஓடவிடுகிறான். பி2 லைசென்சுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

லூனாஸ் மோட்டாரைச் செர்டாங் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் வாங்கிவிட்டதாகக் கேள்வி. அவர் யாரென்று நமக்குத் தெரியாது. தோழரே, இதைப் படித்தால் முதலில் இடது பக்கச் சட்டத்தைத் துடைத்துப் பாருங்கள். கிராண்டு இன்னும் கைக்கு வரவில்லை என்றால் வண்டியை எடுக்காமல், வாங்கியபோது ஏதாவது எழுதி வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தோடு வாருங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்போம்.